புதுச்சேரியில் எனக்கொரு மேடை

நாங்கள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே அருப்புக்கோட்டையில் எங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. ஆறடிக்கு நாலடி. பின்னணியில் சனிக்கோள், அதன் வளையத்துக்கு மேலே கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த என் முகம். "புதுச்சேரி பன்னாட்டு மேடையில் உரையாற்றும் எங்கள் தெருவின் விண்மீன் பா. முத்துமாரி, எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு" என்று எழுதியிருந்தது. என் கணவர் பாண்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். டைப்பிங், லேமினேஷன், ஃபிளெக்ஸ் எல்லாம் உண்டு. ஊரில் யார் செத்தாலும் யாருக்குக் காது குத்தினாலும் போர்டு அடித்துத் தருகிறவர் சொந்தப் பெண்டாட்டிக்கு அடிக்காமல் இருப்பாரா?

எல்லாம் கல்லூரி வாட்ஸப் குழுவில் வந்த ஓர் அறிவிப்பால் வந்தது. புதுச்சேரியில் உள்ள சிறிய வானியல் சங்கம் ஒன்று, பிரான்சில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, இயற்பியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்திருந்தது. விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து, "எங்கள் ஸ்டேஜுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். திங்கள் காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். மூலக்குளத்தில் தங்க இடம் உண்டு, குடும்பத்தோடும் வரலாம்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அடியில் "ஸ்டேஜ், ஆறு செமைன்ஸ்" என்று ஒரு வரி. எனக்குப் புரியவில்லை. பாண்டி வாங்கிப் பார்த்தார்.

"செமினார்ஸ்னு அடிக்கத் தெரியாம அடிச்சிருக்கான் பாரு. ஆறு செமினாரு, எல்லாம் ஸ்டேஜ்ல. நம்ம கடைக்கு வந்திருந்தா திருத்திக் குடுத்திருப்பேன். என் கடையில இருந்து இதுவரைக்கும் ஒரு எழுத்துப்பிழை வெளிய போயிருக்கா?"

போனதில்லை. அது உண்மைதான். ஆறு செமினார் என்றால் மூன்று நாள் என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம். 'நட்சத்திரங்களின் பிறப்பும் இறப்பும்' என்று பத்து நிமிட உரை எழுதி, மாவு கரைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். பாண்டி அதை வண்ண அட்டை போட்டு ஐம்பது பிரதி எடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விண்ணப்பத்தில், "ஒரே அளவை நீண்ட நாள் தொடர்ந்து எடுத்த அனுபவம் உண்டா? சான்று இணைக்கவும்" என்று ஒரு கேள்வி. எனக்கு என்ன அனுபவம்? பி.எஸ்சி. முடித்ததும் கல்யாணம், பிறகு யாழினி, அவளுக்கு இரண்டு வயதானதும் மறுபடி கல்லூரி. என்னிடம் இருந்தது ஒரு நோட்டு. யாழினிக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு ஒரு முறை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் உடம்பு லேசாகச் சுட்டாலும் மணிக்கொரு முறை வெப்பம் பார்த்துக் குறித்துவிடுவேன். ஏதோ ஒரு தைரியத்தில் அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய நிமிடத்திலிருந்து வெட்கம். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்று தோன்றும்போதெல்லாம் முகம் சூடாகும்.

ஞாயிறு மாலை மூலக்குளத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. யாழினி மடியில் தூங்கிவிட்டாள், எழுப்பினால் அழுவாள், எழுப்பலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் ஊர் போய்விட்டது. கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, மூலக்குளம்தான டிக்கெட்டு? ஸ்டேஜ் தாண்டிட்டீங்களே!"

நான் சட்டென்று நிமிர்ந்தேன். அந்தச் சொல்லை மனதுக்குள் அவ்வளவு நாள் உருட்டியிருந்தேன். பாண்டி சிரித்தே விட்டார். "ஸ்டேஜுக்குத்தாண்ணே வந்திருக்கோம்" என்றார். கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசில் அடித்து இறக்கிவிட்டார். பெட்டி, குழந்தை, ஐம்பது உரைகளோடு வந்த வழியே நடந்தோம்.

தங்கிய வீட்டுக்காரர் கலா அக்கா. அவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், ஆலை மூடியபோது கிடைத்த பணத்தில் கட்டிய வீடு. அக்கா காலையில் வாசலில் இட்லி, ஆப்பம் போட்டு விற்கிறார், பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார். என் கணவர் பெயரைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "பேரே பாண்டியா? பாண்டி பாண்டிக்கு வந்துக்கீது!" தெருவில் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

கூடத்துச் சுவரில் ஒரு சிறுமியின் படம் மாட்டியிருந்தது. "உங்க பொண்ணு எங்கேக்கா?" என்று கேட்டேன்.

"ஆயா வூட்டுக்குப் போயிருக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடுகிற அம்மா. அவர் வீட்டில் எதற்குப் பெண்ணை விடுகிறார்கள்? ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அது பாட்டி வீடு என்று புரிந்தது. அதற்குள் நான் அந்தப் பெண்ணுக்காக ஒரு மணி நேரம் கவலைப்பட்டு முடித்திருந்தேன்.

திங்கட்கிழமை பட்டுப் புடவை, மல்லிகைப் பூ. கலா அக்கா ஆப்பக் கரண்டியோடு நின்று பார்த்தார். "யாருக்கும்மா கல்யாணம்?"

சங்கம் இருந்தது கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவர் வைத்த பழைய வீட்டின் மாடியில். தெருவின் பெயர்ப்பலகையில் தமிழும் பிரெஞ்சும் இருந்தன. நான் படியேறும்போதே உரையின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'இரவு வானத்தைப் பார்த்து வியக்காதவர் யார்?' பின்னால் பாண்டி, ஒரு கையில் யாழினி, ஒரு கையில் பிரதிகள்.

மேலே ஒரே ஓர் அறை. ஐந்து கணினி, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. டீஷர்ட் போட்ட நாலு மாணவர்கள் திரும்பி என் புடவையைப் பார்த்தார்கள். மேடை இல்லை. மைக் இல்லை. வேறு எங்காவது இருக்கும் என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே துடைப்பம் இருந்தது.

"மாரி அக்காவா? நான் நதாலி." ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் கை நீட்டினாள். என்னைவிட மூன்று, நான்கு வயது சின்னவள். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் வானியல் படித்துவிட்டு வந்து இதை நடத்துகிறாள். வேலைக்கு வந்த பெண் என்று நினைத்து, "பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்று நான் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

பாண்டி பிரதிகளை மேசையில் வைத்தார். "ஸ்டேஜ் எங்கம்மா? மொதப் பேச்சு இவளா?"

நதாலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு, "மோன் தியூ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடவுளே என்று அர்த்தமாம். "அக்கா, அது ஸ்டேஜ் இல்ல. ஸ்தாஜ். எழுத்து ஒண்ணுதான். பிரெஞ்சுல ஸ்தாஜ்னா பயிற்சி. இங்க குந்தி வேலை செஞ்சு கத்துக்கறது. எங்க வூட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவேயில்ல."

"அந்த ஆறு செமினாரு?" என்றார் பாண்டி.

"செமென். வாரம். ஆறு வாரம்ணா."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ஆறு வாரம். மூன்று நாளுக்கு வந்திருக்கிறோம். கடைக் கதவில் 'புதன்வரை விடுமுறை' என்று ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம். தெருமுனையில் சனிக்கோளின் மேல் என் தலை தொங்கிக்கொண்டிருக்கிறது.

"முடியலன்னா பரவால்லக்கா" என்றாள் நதாலி. குரலில் அந்தப் 'பரவால்ல' இல்லை. "காத்திருக்கற பட்டியல்ல ஒருத்தர் இருக்காங்க. புதன் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

வந்ததற்கு இன்று மட்டும் உட்கார்ந்து பார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பாண்டி குழந்தையோடு கீழே போனார். ஒன்பது மணிக்கு நதாலி கணினியைத் தட்டினாள். திரையில் நட்சத்திரங்கள் வந்தன. பகலில்! ஜன்னலுக்கு வெளியே வெயில் சுளீர் என்று அடிக்கிறது, தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போகிறார், எங்கள் முன்னால் நட்சத்திரம். தொலைநோக்கி தென் அமெரிக்காவில் ஒரு மலையுச்சியில் இருக்கிறதாம். நமக்குப் பகல் என்றால் அங்கே இரவு. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பேச்சு முடிந்து ராத்திரி வானம் காட்டுவார்கள் என்று ஸ்வெட்டரும் டார்ச்சும் பெட்டியில் கொண்டுவந்திருந்த எனக்கு அது அடி விழுந்தது மாதிரி இருந்தது.

அடுத்த அதிர்ச்சி, அந்த நட்சத்திரங்களுக்கு நிறமே இல்லை. சாம்பல் நிறத்தில் மங்கலான புள்ளிகள், ஈ எச்சம் மாதிரி. ஃபிளெக்ஸுக்குப் பாண்டி இறக்கிய படங்களில் எத்தனை ஊதா, எத்தனை ரோஜா! வேலை என்னவென்றால், ஒரு புள்ளியின் ஒளியை நாலு நிமிடத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு புள்ளியையும் அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மங்கினால் அங்கே மேகம் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் மங்கினால் அதன் குறுக்கே ஏதோ போகிறது. ஒரு கோளாகக்கூட இருக்கலாம்.

சுவரில் ஒரு பலகை. அதில் மாணவர்களுக்கான அறிவிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. கோடைப் பயிற்சி, தொலைநோக்கியில் வேலை பழக இடம், ஆய்வுப் படிப்புக்கு உதவித்தொகை, அடுத்து வரும் வால்நட்சத்திரத்தைக் கவனிக்க ஆள் தேவை. நின்று எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்குமேல் கடைசித் தேதி தாண்டியிருந்தது. இவ்வளவும் இத்தனை வருடம் எங்கே இருந்தன? நான் அருப்புக்கோட்டையில் டயப்பர் துவைத்துக்கொண்டிருந்தபோது இவை இங்கே சுவரில் மஞ்சளாகிக்கொண்டிருந்தனவா?

செவ்வாய்க்கிழமை நான் சாதாரணப் புடவையில் போனேன். பாண்டி யாழினியை வைத்திக்குப்பத்துக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் கீழே வந்து பார்த்தால் இரண்டு பேர் மேலும் மீன் செதில். கரையில் படகு வந்ததும் விலை கேட்கப் போயிருக்கிறார். கூடைக்காரம்மா ஒரு மீனைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டாராம்.

"எம்புட்டு நீளம் தெரியுமா? யாழினி ஒசரம். வேணாம்மான்னேன். 'வேணாம்னா எதுக்கு வெல கேட்ட? மீனுக்குக் கோவம் வரும்'ங்காக!"

கண்மாய் மீனைத் தவிர வேறு தெரியாத வீடு எங்களுடையது. அந்த மீனைக் கலா அக்கா அன்று மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். அதில் தொட்டுத் தின்ன ஒரு முழ நீள ரொட்டி. பாண்டி அதைக் கண்டதும் பூரிக்கட்டை என்று நினைத்தாராம். மீன் குழம்பில் ரொட்டியை முக்கித் தின்கிறார்கள்! தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. யாழினிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துக்கொண்டே அவளுக்கும் ஊட்டினேன்.

அன்று மாலை ஊரிலிருந்து பாண்டியின் அண்ணன் போன் செய்தார். பேச்சு எப்படி என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. பாண்டி என்னைப் பார்க்காமல், "சூப்பர்ண்ணே. கைதட்டு அடங்கல" என்றார். போனை வைத்துவிட்டு யாழினியின் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

"நாளைக்குக் கெளம்பிருவோம்" என்றேன்.

"ஒனக்கு அந்த வேல புடிச்சிருக்கா இல்லியா?"

"புடிச்சா மட்டும்? புள்ளைய வச்சுக்கிட்டு ஆறு வாரம் ஊர் பேர் தெரியாத எடத்துல..."

"நான் கேட்டது அது இல்ல" என்றார்.

புதன் காலை ஆறு மணிக்கு யாழினியின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. கடல் காற்றா, மீனா, ரொட்டியா? ஊட்டும்போதே யோசித்தேனே, ஏன் ஊட்டினேன்? என் புத்தியை என்ன சொல்ல! மேடை ஆசை பிடித்து மூன்று வயதுப் பிள்ளையை இவ்வளவு தூரம் இழுத்துவந்தேனே! மறுபடி வலிப்பு வந்தால்? பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன். நேரத்தையும் வெப்பத்தையும் குறித்தேன். எழுத்து மட்டும் நேராக விழுந்தது, பழக்கம்.

கலா அக்கா அடுப்பை அப்படியே விட்டு ஆட்டோ பிடித்தார். "கோரிமேட்டுக்குப் போயிடலாம். எதுக்குப் பயப்படற? விழுப்புரம், கடலூர்னு எங்கெங்கேர்ந்தோ பஸ் ஏறி அங்கதான் வராங்க." அங்கே போனபோதுதான் அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய அரசு மருத்துவமனை. காலை ஏழு மணிக்கே ஒரு திருவிழாக் கூட்டம். பாயோடு வந்தவர்கள், தூக்குச்சட்டியோடு வந்தவர்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பிள்ளை. வரிசையில் உட்கார்ந்து அரை மணிக்கொரு முறை அளந்தேன், குறித்தேன்.

மருத்துவர் இளம்பெண். நான் ரொட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்க. சாதாரணக் காய்ச்சல்தாம்மா, எறங்கிக்கினே வருது பாருங்க. ஊர்ல இருந்தா மட்டும் புள்ளைக்குக் காய்ச்சல் வராதா?" மருந்து எழுதிக் கொடுத்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெளியே மர நிழலில் நதாலி ஸ்கூட்டரோடு நின்றாள். நான் வராததால் கலா அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மருத்துவமனை வாசலில் வாங்கிய இளநீரை நீட்டினாள். நான் முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கம்மா. இன்னிக்கே ஊருக்குப் போறோம். பட்டியல்ல இருக்கறவங்களுக்குச் சொல்லிரு. பேச்சு மேடைன்னு நெனச்சு வந்தவ நான். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தப்பா ஆள எடுத்துட்டீங்க."

அவள் என் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுதான அது?"

"எது?"

"நீங்க அனுப்பின படம். ஏன் ஒவ்வொரு நேரத்துக்கும் ரெண்டு எண் எழுதறீங்க?"

"ரெண்டு தெர்மாமீட்டர். ஒண்ண மட்டும் நம்பி இருக்க பயம். ஒண்ணு கெட்டுப்போயிருந்தா? அதான் ரெண்டுலயும் பாத்து, ரெண்டும் ஏறினாத்தான் காய்ச்சல்னு..."

சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. இரண்டு புள்ளி. ஒன்றை நம்பாமல் பக்கத்தில் இன்னொன்று.

நதாலி சிரித்தாள். "விண்ணப்பத்துல எல்லாரும் லேப் சர்டிபிகேட் அனுப்பினாங்க. பிரான்சுல இருக்கற எங்க ஆளு உங்க பக்கத்தப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. 'இந்தம்மா தூங்கல, ஆனா ஒரு வரியும் விடல. இவங்கள எடு.' பேச்சுக்கு யாரும் உங்கள எடுக்கலக்கா. இதுக்குத்தான் எடுத்தோம்."

எதை நினைத்து இத்தனை நாள் வெட்கப்பட்டேனோ அதற்காகவா? இளநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். பாண்டி யாழினியைத் தோளில் மாற்றிப்போட்டுக்கொண்டார்.

"அப்ப ஐம்பது காப்பி தண்டமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இரு மாரி. புள்ளையும் ஒன்னோடயே இருக்கட்டும். நான் கடையத் தொறக்கணும்ல? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாரேன்."

"அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தா?"

"கோரிமேடு இருக்கு. நோட்டு இருக்கு."

கலா அக்கா ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "பத்து மணிக்கு மேல நான் சும்மாதான் குந்திக்கினு இருக்கேன். புள்ளைய என்னாண்ட வுட்டுட்டுப் போயேன். நீ என்னா, நட்சத்திரத்தத் தூக்கவா போற? அளக்கத்தான போற? சட்டுனு ஏறு, மாவு புளிக்குது!"

அன்று மாலை நான்கு மணிக்குக் காய்ச்சல் இரண்டு தெர்மாமீட்டரிலும் இறங்கிவிட்டது. ஐந்து மணிக்கு நதாலியின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும், சரியாகத்தான் செய்தோமா என்று படியிறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். இப்போதும் சில சமயம் கேட்கிறேன்.

பாண்டி வியாழக்கிழமை ஊருக்குப் போனார். ஃபிளெக்ஸை எப்படியாவது இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சி அனுப்பியிருந்தேன். வெள்ளி முழுவதும் அவரிடமிருந்து போனே இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்னுடைய புள்ளி மட்டும் லேசாக மங்கத் தொடங்கியது. பக்கத்துப் புள்ளி அசையவில்லை. மேகம் இல்லை. நான் "ஐயையோ" என்று கத்தியதில் எல்லோரும் எழுந்து வந்தார்கள். இதற்கு முன்பே யாரோ கண்டுபிடித்த கோள்தான், புதிது இல்லை என்று நதாலி சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

அப்போதுதான் பாண்டியின் செய்தி வந்தது, ஒரு படத்தோடு. ஃபிளெக்ஸ் இறங்கவில்லை. என் தலையும் சனிக்கோளும் அதே இடத்தில். நடுவில் ஒரு வரியை மட்டும் வெள்ளைப் பட்டை ஒட்டி மாற்றியிருந்தார். உடனே கூப்பிட்டேன்.

"எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிட்டேன்" என்றார். "டீக்கடைல ஸ்தாஜ்னா என்னப்பான்னு கேட்டாக. மேடைன்னா ஏறுனதும் எறங்கிரலாம்ணே, இதுல ஏறுனா ஆறு வாரத்துக்கு எறங்க முடியாதுன்னேன். அப்பிடியான்னு வாயப் பொளந்துட்டாக."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். 'புதுச்சேரியில் ஆறு வரம் ஸ்தாஜ் செய்யும் எங்கள் தெருவின் விண்மீன்.'

'வாரம்' என்பதில் ஒரு கால் விழுந்து 'வரம்' ஆகிவிட்டது. அவர் கடையிலிருந்து வெளியே போன முதல் எழுத்துப்பிழை. சொல்லலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். சொல்லவில்லை.